வன்னிக் குளமொன்றின் நீர்மட்ட அளவியும் பழைய கைபேசி இணையமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கையின் வடக்கே வன்னியில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதிக்கு உட்புறமாக இருக்கும் சிறு குளம் ஒன்றில், கமக்கார (விவசாயிகள்) அமைப்பு பொருத்தியிருந்த நீர்மட்ட அளவி திடீரெனத் தகவல் அனுப்புவதை நிறுத்தியது. கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும், 80 ஹெக்டேயருக்கு மேற்படாத வயலுக்குப் பாயும் குளங்களில் இதுவும் ஒன்று. அளவியின் விளக்கு வழக்கம்போல மின்னியது. டவர் குறி நன்றாக இருந்தது. அந்த சிம்மைக் கைபேசியில் போட்டால் கோலும் (அழைப்பும்) எடுத்தது. ஆனாலும் கைபேசிப் பக்கத்தில் பழைய அளவே நின்றது; பட்டன் போன்களில் அந்தப் பக்கமே திறக்கவில்லை. 2ஜியை நிறுத்திவிட்டார்கள் என்று ஊரில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். உண்மையில் 2ஜி இருந்தது. அதற்கு மேலே ஓடிய இணையம்தான் போயிருந்தது.

பழைய கைபேசி இணையத்தின் எதிர்காலம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் டவரை மட்டுமே பார்க்கிறார்கள். இந்தக் குளத்தில் நடந்தது வேறொரு ஒழுங்கைக் காட்டுகிறது. முதலில் சாவது பக்கத்தை எழுதும் மொழி, அடுத்தது தரவைப் பூட்டி அனுப்பும் குறியாக்கம், அதன்பின் 3ஜி. டவருக்கும் கருவிக்கும் இடையிலான 2ஜி வானொலி அலை கடைசியாகத்தான் போகும். அதன் உள்ளே இருக்கும் எஸ்எம்எஸ், 2ஜி போனாலும் 4ஜியில் ஏறிப் பிழைக்கும். எதை எப்போது மாற்றுவது என்பதை இந்த ஒழுங்கைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அமைப்பில் என்ன இருந்தது

குளக்கட்டில், நீரைத் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில் 4 அங்குல பிவிசி குழாய் ஒன்று செங்குத்தாக நிறுத்தப்பட்டிருந்தது. அடியில் துளைகள் இருப்பதால் உள்ளே நீர் அலையில்லாமல் நிற்கும். குழாயின் உச்சியில் நீர் புகாத ஒலியலை உணரி கீழ்நோக்கிப் பார்த்தபடி இருந்தது. இந்த வகை உணரிக்கு முன்னால் 25 சென்டிமீற்றருக்குள் இருப்பது தெரியாது. ஆகவே குளம் நிரம்பி வான் பாயும் மட்டத்துக்கு மேலே குறைந்தது அரை மீற்றர் உயரத்தில் அதை வைக்க வேண்டும். அந்த இடைவெளி விடாவிட்டால், வெள்ளம் உச்சிக்கு வரும் நேரத்தில், அதாவது அளவு மிகவும் தேவைப்படும் நேரத்தில், உணரி பிதற்றத் தொடங்கும்.

வெப்பநிலைத் திருத்தமும் கட்டாயம். 25 பாகையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 346 மீற்றர். 35 பாகையில் 352க்கு மேல். உணரியிலிருந்து நீர் 3 மீற்றர் கீழே இருந்தால் இந்த வித்தியாசமே 5 சென்டிமீற்றர் பிழையாகிவிடும். வன்னியின் ஓகஸ்ட் வெயிலில் குழாயின் உள்ளே காற்று இன்னும் சூடாக இருக்கும். வெப்ப உணரியைப் பெட்டிக்குள் வைக்காமல் குழாயின் உள்ளேயே வைப்பது சரி. குளவி கூடு கட்டுவதைத் தடுக்க, குழாயின் காற்றுத் துளைகளுக்குச் செப்புக் கம்பி வலை போட்டிருந்தார்கள். அது நல்ல வேலை.

தகவல் அனுப்பியது சிம்800எல் என்ற 2ஜி மொடியூல், அதாவது கைபேசிபோல வலையமைப்போடு பேசும் சிறு பாகம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பட்டரி, 20 வாட் சோலார் தகடு, மின்னழுத்தத்தை 4.0 வோல்ட்டுக்கு இறக்கும் மாற்றி, 900 மெகாஹேர்ட்ஸுக்கான, ஒரு திசையை நோக்கும் யாகி அன்டெனா என்பன அதனுடன் இருந்தன. மணிக்கு ஒரு தடவையும் மழை நாளில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையும், 2ஜியின் தரவு வழியான ஜிபிஆர்எஸ் மூலம் ஒரு சேவைக் கணினிக்கு நீர்மட்டம் போகும். அங்கத்தவர்கள் தங்கள் பட்டன் போனில் ஒரு சிறிய பக்கத்தைத் திறந்து அதைப் பார்ப்பார்கள். மட்டம் குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டினால் எஸ்எம்எஸ் வரும்.

பழுதைத் தேடிய வழி

இப்படிப்பட்ட பழுதில் பெட்டியைக் கழற்றுவதற்கு முன், கீழிருந்து மேலாக ஒவ்வொரு படியையும் சோதிக்க வேண்டும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் டவர் மீது பழி போட்டு நிற்க வேண்டி வரும்.

முதலில் மின். 2ஜி மொடியூல் பேசும்போது 4.6 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை, அரை மில்லிசெக்கனுக்குச் சற்று மேல், 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய கம்பியாக இருந்தால் அந்த நொடியில் மின்னழுத்தம் 3.4 வோல்ட்டுக்குக் கீழே விழுந்து மொடியூல் மறுபடி தொடங்கும். மல்டிமீற்றர் சராசரியைக் காட்டுவதால் அதில் இது தெரியாது. மொடியூலின் காலுக்கு ஒட்டினாற்போல 1000 முதல் 2200 மைக்ரோஃபரட் மின்தேக்கி ஒன்றை இணைத்து, கம்பியைத் தடிப்பாகவும் குட்டையாகவும் வைத்தால் இந்தத் தொல்லை தீரும். இங்கே அது சரியாகவே இருந்தது.

அடுத்தது குறி. மொடியூலிடம் கேட்டால் 0 முதல் 31 வரை ஓர் எண் தரும். அதை இரண்டால் பெருக்கி 113 ஐக் கழித்தால் டெசிபல் கிடைக்கும். 10 என்றால் கழித்தல் 93. அதற்குக் கீழே போனால் எஸ்எம்எஸ் போகலாம், ஜிபிஆர்எஸ் திக்கும். இங்கே 17 வந்தது, போதும். வலையமைப்பில் பதிவாகியிருந்தது. ஜிபிஆர்எஸ் இணைந்தது. ஏபிஎன் (நிறுவனத்தின் இணைய நுழைவுப் பெயர்) ஏற்றுக்கொள்ளப்பட்டு ஐபி முகவரியும் கிடைத்தது. ஆகவே வானொலிப் பக்கம் முழுக்க நலமாக இருந்தது.

பிழை, இணையப் பக்கங்களைக் கொண்டுசெல்லும் எச்டிடிபி நெறிமுறையின் படியில் இருந்தது. சேவைக் கணினி 301 என்று பதில் சொன்னது. அதாவது இந்த முகவரி குறியாக்கம் கொண்ட எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிவிட்டது, அங்கே போ என்று. மொடியூலை அங்கே அனுப்பினால் 606 என்றது. குறியாக்கத் தொடக்கத்திலேயே மறுதரப்பு மறுத்துவிட்டது என்பது அதன் பொருள். பக்கம் வைத்திருந்த இடத்தில் எச்டிடிபிஎஸ்ஸின் குறியாக்க முறையான டிஎல்எஸ்ஸின் பழைய 1.0 பதிப்பை மூடிவிட்டு 1.2 இலிருந்துதான் அனுமதிக்கிறார்கள். அந்த மொடியூலின் மென்பொருளுக்கு 1.0 மட்டுமே தெரியும்.

இதற்கு யாரும் பொறுப்பில்லை. டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் இணையத் தர அமைப்பால் முறைப்படி ஓய்வு கொடுக்கப்பட்டவை. உலாவிகள் அதற்கு முன்பே கைவிடத் தொடங்கியிருந்தன. அவற்றின் ஓட்டைகள் உண்மையானவை. ஆனால் குளக்கட்டில் நிற்கும் ஒரு பெட்டிக்கு யாரும் அறிவித்தல் அனுப்பமாட்டார்கள். ஒருநாள் கதவு மூடப்படும், அவ்வளவுதான்.

சான்றிதழ் பக்கமும் இறுகி வருகிறது. ஒரு தளம் உண்மையானதுதான் என்று உறுதிப்படுத்தும் பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் 2020 செப்டெம்பரிலிருந்து 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் முதல் 100 நாள், 2029 மார்ச் முதல் 47 நாள் என்று உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் முடிவு செய்துவிட்டன. சேவைக் கணினியின் சான்றிதழைப் பெட்டிக்குள் பதித்து வைக்கும் வழக்கம் இருந்தால் இப்போதே கைவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் யாராவது குளக்கட்டுக்குப் போக நேரும்.

கைபேசிப் பக்கம் ஏன் திறக்கவில்லை

அங்கத்தவர்களின் பட்டன் போன்களில் பக்கம் திறக்காததற்கும் இதே காரணம்தான், ஆனால் அதற்குள் இன்னொரு அடுக்கு இருக்கிறது. பக்கத்தின் முதல் வடிவம் டபிள்யூஎம்எல் மொழியில் எழுதப்பட்டிருந்தது. 1997 இல் எரிக்சன், நொக்கியா, மோட்டோரோலா, அன்வயர்ட் பிளானட் ஆகியவை சேர்ந்து, சிறு கைபேசிகளுக்கான வாப் என்ற இணைய நெறிமுறைக்காகத் தொடங்கிய வாப் மன்றம் 1998 இல் வெளியிட்ட முதல் தரத்தின் மொழி அது. அந்தக் காலத்துப் போன்கள் எவ்வளவு சிறியவை என்பதை இன்று மறந்துவிட்டோம். 1999 இல் வந்த நொக்கியா 7110 ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 1400 பைட்டுக்கு மேல் தாங்காது. இணையத்தை அந்த அளவுக்குச் சுருக்கித் தரும் வேலையை வாப் நுழைவாயில் என்ற இடைக் கணினி செய்தது. 2002 இல் வந்த வாப் 2.0 எக்ஸ்எச்டிஎம்எல் மொழிக்கும் சாதாரண இணைய நெறிமுறைக்கும் மாறியது. அத்தோடு அந்த நுழைவாயில் கட்டாயமில்லாததாகி, பிறகு பல இடங்களில் அணைந்துபோனது.

இதனால் ஒரு போனின் இணைய அமைப்பில் நுழைவாயில் முகவரியும் 9201 என்ற கதவு எண்ணும் இருந்தால், அல்லது ப்ரொக்ஸி (இடைக் கணினி) முகவரியும் 8080 உம் இருந்தால், அந்த முகவரியில் இன்று ஆளே இல்லாமல் இருக்கலாம். போன் பதில் இல்லை என்று சொல்லும், பாவிப்பவர் போன் பழுது என்று நினைப்பார். வாப் 2.0 போன்களில் அமைப்புக்குள் போய் ப்ரொக்ஸியை அணைத்து, ஏபிஎன்னை மட்டும் விட்டால் சாதாரணப் பக்கங்கள் மறுபடி திறக்கும். வாப் 1 மட்டுமே தெரிந்த போனுக்கு இந்த வழி இல்லை; அதைக் கோலுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வாப் முழுதாக இறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எம்எம்எஸ் வந்திருக்கிறது என்று போனுக்குச் சொல்லும் அறிவித்தல் இன்றும் வாப் புஷ் வடிவில், எஸ்எம்எஸ்ஸின் வயிற்றுக்குள்தான் வருகிறது. நிறுவனம் தானாக அனுப்பும் இணைய அமைப்புச் செய்தியும் அதே குடும்பம்.

மழை நாளில் ஜிபிஆர்எஸ் ஏன் கைவிடுகிறது

இந்தப் பகுதியைத்தான் கமக்கார அமைப்புகள் கவனமாகப் படிக்க வேண்டும். தொழில்நுட்பம் முழுக்கச் சரியாக இருந்தாலும் ஜிபிஆர்எஸ் வெள்ள நாளில் நம்பத்தக்கதல்ல.

2ஜி அலைவரிசை ஒன்று எட்டு நேரத்துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கிறது. கோலும் ஜிபிஆர்எஸ்ஸும் இந்தத் துண்டுகளையே பங்கு போடுகின்றன. ஒரு துண்டில் வழக்கமான குறிமுறையில் செக்கனுக்கு 13.4 கிலோபிட் போகும். துண்டு காலியாக இருந்தால் தரவுக்குக் கொடுப்பார்கள். கோல் வந்தால் தரவிடமிருந்து பிடுங்கிக் கோலுக்குக் கொடுப்பது வழமையான ஏற்பாடு. உட்பகுதி டவர்களில் 2ஜி அலைவரிசைகளே சிலவாகத்தான் இருக்கும். குளம் நிரம்பும் இரவில் ஊரே ஒருவரை ஒருவர் அழைக்கும்போது, தரவுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்ற நாட்களைப் போன்ற நேரத்துக்குத்தான் இப்படியான அளவிகள் வைக்கப்படுகின்றன. அந்த நேரத்திலேயே முதலில் விழுவது இந்த இணைப்பு என்றால், வடிவமைப்பு தலைகீழாக இருக்கிறது என்று பொருள்.

எஸ்எம்எஸ் கோல் துண்டுகளில் போவதில்லை. சைகைக் கால்வாயில் போகிறது. நெரிசலில் தாமதிக்கும், ஆனால் நிறுவனத்தின் மையம் அதை வைத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். ஜிபிஆர்எஸ்ஸில் அறுந்த தரவை யாரும் வைத்திருப்பதில்லை. ஆகவே எச்சரிக்கை முழுவதும் எஸ்எம்எஸ்ஸில் இருக்க வேண்டும். சேவைக் கணினி வழியாகப் போகாமல் பெட்டியிலிருந்தே நேராகப் போக வேண்டும். இந்தக் குளத்தில் எஸ்எம்எஸ் சேவைக் கணினியிலிருந்துதான் கிளம்பியது. அதனால் தரவு நின்றபோது எச்சரிக்கையும் சேர்ந்து நின்றது. எச்டிடிபிஎஸ்ஸை விடவும் பெரிய குறை இதுதான்.

தமிழில் எழுதும்போது நீளத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 இடம். தமிழ் யுனிகோடில் 70 இடம். உயிர்மெய்யில் பலவும் இரண்டு இடம் எடுக்கும், புள்ளி வைத்த எழுத்தும் இரண்டு. ‘குளம் வான் பாய்கிறது. தாழ்வான பக்கம் போகாதீர்கள்.’ என்பதில் கண்ணுக்குத் தெரிவது 24 எழுத்து. பிடிப்பது 49 இடம். 70 ஐத் தாண்டினால் துண்டாகும், துண்டுக்கு 67 ஆகக் குறையும், நெரிசலில் ஒரு துண்டு பிந்தினால் பாதிச் செய்தி நிற்கும். எச்சரிக்கை ஒரே துண்டில் முடிய வேண்டும். தமிழுக்கென்று 7 பிட் அட்டவணை ஒன்று கைபேசித் தரத்தில் சேர்க்கப்பட்டே இருக்கிறது. அதில் 150 இடத்துக்கு மேல் கிடைக்கும். அதைப் புரிந்துகொள்ளும் போன்கள் அரிது என்பதால் இப்போதைக்கு அதை நம்ப முடியாது. தமிழ் எழுத்துரு இல்லாத பழைய போன் வைத்திருப்பவர்களுக்கு எண்ணை மட்டும் அனுப்பும் தனிப் பட்டியல் ஒன்று வேண்டும்: அடிக்கணக்கில் நீர்மட்டம், நேரம், அவ்வளவு.

3ஜி ஏன் 2ஜிக்கு முன் போகிறது

3ஜியின் ஓர் அலைவரிசை 5 மெகாஹேர்ட்ஸ் அகலம் கேட்கும். 2ஜியின் ஓர் அலைவரிசை 200 கிலோஹேர்ட்ஸ்தான். அகலமான 3ஜித் துண்டை அப்படியே 4ஜிக்குக் கொடுத்தால் அதே இடத்தில் கூடுதல் வேகம் கிடைக்கிறது. 2ஜியை ஓரத்தில் மெல்லிய கீற்றாக விட்டு வைக்கலாம். ஜேர்மனியில் 2021 இல் 3ஜி போய் 2ஜி மிஞ்சியது இதனால்தான். எல்லா நாடும் இப்படிச் செய்யவில்லை. அவுஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா 2016 டிசெம்பரிலேயே 2ஜியை மூடி, 2024 ஒக்டோபரில் 3ஜியையும் மூடியது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2017 தொடக்கத்தில் 2ஜியையும் 2022 பெப்ரவரியில் 3ஜியையும் மூடியது. யப்பானில் 1999 பெப்ரவரியில் தொடங்கிய ஐ-மோட் சேவைக்கும் அதைச் சுமந்த 3ஜிக்கும் 2026 மார்ச் 31 முடிவு நாளாக அறிவிக்கப்பட்டது.

வன்னிக்கு இதில் வரும் பாடம் நேரடியானது. 3ஜி மட்டும் தெரிந்த டொங்கிளும் மொடியூலும் முதலில் மாற்ற வேண்டியவை. 4ஜி போன் வைத்திருந்தும் 4ஜியில் கோல் பேசும் வசதி இல்லாதவர்கள், கோல் வரும்போது 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்குவார்கள். 3ஜி இல்லாத இடத்தில் அது 2ஜிதான், பேசி முடியும் வரை தரவு நிற்கும். 2ஜியும் போன பிறகு அந்தப் போனில் கோலே வராது.

இன்னொரு விளைவு பட்டரியில் தெரியும். வலையமைப்பு காணாமல்போன மொடியூல் தூங்காது, ஓயாமல் தேடும். இந்தப் பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை 12 வோல்ட்டை நேராக எடுத்து, சும்மா இருக்கும்போதே 45 மில்லிஆம்பியர் தின்றது. ஒரு நாளுக்கு 1.08 ஆம்பியர்-மணி. பட்டரியின் பாதியைத்தான் பாதுகாப்பாகப் பாவிக்கலாம், அதாவது 3.5. கார்த்திகை, மார்கழி மூட்டத்தில் மூன்று நாளுக்குச் சற்று மேல். தேடலும் சேர்ந்தால் அதற்கும் முன்பே விழும். ஒரு தடவை தேடிக் கிடைக்காவிட்டால் மொடியூலை முழுதாக அணைத்து அரை மணிக்குப் பின் மறுபடி முயலும்படி நிரல் எழுதப்பட வேண்டும். பலகைக்கும் இறக்கு மாற்றி கொடுத்து, தூக்க நிலையில் வைக்க வேண்டும்.

திருத்தம்

உடனடித் திருத்தம் மலிவானது. சாதாரண எச்டிடிபியை ஏற்கும் சிறிய அஞ்சல் கணினி ஒன்றைப் பொதுத் தளத்திலிருந்து பிரித்து வைத்து, அது எச்டிடிபிஎஸ்ஸில் மேலே அனுப்பும்படி செய்தார்கள். நீர்மட்டம் இரகசியமல்ல, அதனால் குறியாக்கம் இல்லாதது பெரிய குற்றமில்லை. பொய்யான அளவை யாரும் புகுத்த முடியாமல் இருப்பதுதான் முக்கியம். அதற்கு ஒவ்வொரு செய்தியிலும் ஏறிக்கொண்டே போகும் எண்ணும், பெட்டிக்கும் கணினிக்கும் மட்டும் தெரிந்த சாவியால் கணக்கிட்ட சிறு கையொப்பமும் சேர்க்கப்பட்டன. பெட்டியின் சிறிய கட்டுப்பாட்டுப் பலகையே இதைக் கணக்கிட்டுவிடும். எச்சரிக்கை எஸ்எம்எஸ் பெட்டிக்கே மாற்றப்பட்டது.

நீண்ட காலத் திருத்தம் 4ஜி கேட் 1 (குறைந்த வேக) வகை மொடியூல், 2ஜிக்கும் இறங்கக்கூடியது. ஏ7670ஈ அந்த வகை. வாங்கும்போது பின்னால் வரும் எழுத்தைப் பார்க்க வேண்டும். ஒரே எண்ணில் வேறு நாட்டுப் பட்டைகளுக்கான பிரதியும் விற்பனையில் இருக்கும். 1800 மெகாஹேர்ட்ஸ் பட்டை 3 இல்லாத மொடியூல் இங்கே பெரும்பாலும் பெட்டிக்குள் கிடக்கும் பாரம்தான்.

மாற்றும்போது நான்கு இடத்தில் தவறு நடக்கிறது. பழைய மொடியூலின் சைகைக் கால்கள் 2.8 வோல்ட், புதியவை 1.8, இடையில் மின்னழுத்த மட்டமாற்றி இல்லாமல் 5 வோல்ட் பலகையைப் பூட்டினால் மொடியூல் எரியும். பழைய நிரலில் ஜிபிஆர்எஸ் திறக்கும் கட்டளைகள் புதியதில் இல்லை, எழுத்துக்கு எழுத்து மாற்ற வேண்டும். 900க்கு வெட்டிய யாகி 1800 இல் செவிடு. இரண்டையும் பிடிக்கும் அன்டெனா வேண்டும். நான்காவது, மின்தேக்கியைக் கழற்றுவது. 4ஜி அவ்வளவு இழுக்காது என்பது உண்மை, ஆனால் 2ஜிக்கு இறங்கிய நொடியில் அதே 2 ஆம்பியர் தேவை.

மிஸ்ட் கோல் கொடுத்தால் நீர்மட்டத்தை எஸ்எம்எஸ்ஸில் தரும் வசதியையும் எஸ்எம்எஸ் கேள்விக்கு மாற்ற வேண்டும். கோல் வரும்போது 4ஜியிலிருந்து 2ஜிக்கு இறங்கப் பல செக்கன் பிடிக்கும், அதற்குள் அழைத்தவர் வைத்துவிடுவார். எடுக்கும் சிம் எஸ்எம்எஸ் அனுப்பக்கூடியதா என்று முதலில் சோதிக்க வேண்டும். தரவு மட்டும் உள்ள சிம்மில் எச்சரிக்கை போகாது. கோலோ ரீலோடோ இல்லாமல் கிடக்கும் முற்கொடுப்பனவு சிம் துண்டிக்கப்படும் என்பதால், வாரத்துக்கு ஒரு சோதனை எஸ்எம்எஸ் அனுப்பும்படி நிரலிலேயே எழுதிவிடுவது நல்லது. செயலாளருக்கு அந்தச் செய்தி வராத வாரத்தில் பெட்டியைப் போய்ப் பார்க்க வேண்டும்.

பெட்டி எச்சரித்த பிறகு யார் யாரை அழைப்பது என்ற பட்டியலும் இந்த அமைப்பின் பகுதிதான். துருசு திறப்பவர், கமநல சேவை நிலைய உத்தியோகத்தர், கிராம அலுவலர், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. காலபோகம் என்ற மாரிகால நெற்செய்கைக்கு முந்திய கூட்டத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, யாருடைய போனில் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிகிறது என்று அங்கேயே குறித்து, அவர்களை எண் மட்டும் போகும் பட்டியலுக்கு மாற்றினார்கள். கழற்றிய சிம்800எல் வீசப்படவில்லை. தரவை நிறுத்தி, எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பும்படி, வாய்க்கால் முடிவில் மிதவை ஆளி ஒன்றோடு பூட்டப்பட்டிருக்கிறது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து மிதவை எழும்பினால் ஒரு செய்தி போகும். அந்த வேலைக்கு 2ஜி இருக்கும் வரை அது போதும்.